ஆலம்பரையில் படகு ஏறியது

ஜனவரி 18, ஞாயிறு இரவு

கமலாவும் நானும் இன்று ஆலம்பரைக் கோட்டையைப் பார்த்து வந்தோம். இடிந்த மதில் மேலிருந்து பார்த்தால் கழிமுகம், நடுவே மணல் திட்டு, அதற்கப்பால் கடல். திட்டின் ஓரமெல்லாம் கூழைக்கடாக்கள். அத்தோடு திரும்பியிருந்தாலே எனக்குப் போதும். அவளுக்கோ படகில் போய்ப் பறவைகளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

எனக்குத் தண்ணீர் என்றாலே பயம். கல்யாணமான நாளிலிருந்து ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக்கழித்து வந்திருக்கிறேன். இன்று அவள் கெஞ்சவில்லை.

"நீங்க கரையிலயே உக்காந்திருங்க. நான் மட்டும் போயிட்டு வந்துடறேன்."

அவளைத் தனியே அனுப்புவது அதைவிடப் பயமாக இருந்தது. ஏறிவிட்டேன். அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். படகுக்காரர் திட்டை இடமாகச் சுற்றத் தொடங்கினார். மலையை வலம் வந்தே பழகிய எனக்கு மனசு கேட்கவில்லை.

"வலமா போங்களேன் தம்பி."

"அந்தப் பக்கம் இப்ப தண்ணி கம்மி ஐயா, தரை தட்டிடும். இப்படிச் சுத்தி வர்றதுக்குள்ள தண்ணி ஏறிடும். எந்த ஊரு நீங்க?"

"திருவண்ணாமலை" என்றாள் கமலா. "வலமா சுத்தலன்னா இவருக்குச் சோறு எறங்காது."

இருவரும் சிரித்தார்கள். அப்போது கூழைக்கடாக்கள் மொத்தமாக எழுந்தன. அவற்றின் நிழல் எங்கள் மேல் கடந்து போயிற்று.

"அதோ பாருங்க! ஐயோ, கைய விடுங்க, காட்டணும்ல!"

விட்டேன். கரை சேரும்வரை திரும்பப் பிடிக்கவில்லை. இதைத் தைரியம் என்று எழுதலாமா, தெரியவில்லை. பறவைகளைப் பார்த்ததில் பிடிக்க மறந்தும் போயிருக்கலாம்.

சற்றுமுன் படுத்துப் பார்த்தேன். கட்டில் லேசாக ஆடுவதுபோல் இருந்தது. பயமாக இல்லை.