புனிதம் என்று கூப்பிட்டால்

பெப்ரவரி 6, செவ்வாய்
இன்று மாமியைக் கடைக்கார மக்கீன் நானா கூட்டி வந்து விட்டார். பஸ் தரிப்பிடத்தில் வீட்டு உடுப்போடு நின்று, கச்சேரிக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டாராம். மாமி கச்சேரியில் கோப்பு எழுதும் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்தொன்பது வருடம். "வயசு போனால் மறதி வரும்தானே" என்கிறார் இவர். தன் தாயைப் பற்றி அதற்கு மேல் பேச அவருக்கு விருப்பமில்லை.

பெப்ரவரி 11
தலை வாரிவிட்டேன். மாமி என் கன்னத்தைத் தடவி, "புனிதம், நீ சாப்பிட்டனியோ?" என்றார். புனிதம் அவருடைய தங்கை. இறந்து முப்பது வருடத்துக்கு மேல். கல்யாணமாகி இந்த இருபத்தாறு வருடத்தில் மாமி என்னிடம் இப்படிக் கேட்டதே இல்லை. நான் புனிதமில்லை என்று சொல்லியிருக்க வேண்டுமோ? "ஓம்" என்றுவிட்டேன்.

பெப்ரவரி 27
கிளினிக். முப்பது வருடம் சிங்களத்தில் கோப்பு எழுதிய மாமி, டொக்டர் சிங்களத்தில் கேட்டதும் என் முகத்தைப் பார்த்தார். "இவர் என்ன சொல்லுறார்?"
டிமென்ஷியாவாம். இனித் தனியே விடக்கூடாதாம்.
வெளியே வந்து இவர் கார்க் கதவைத் திறக்காமலே நின்றார்.

மார்ச் 14
வேலை முடிந்து வந்தால் வீடு முழுக்க காஸ் மணம். இவர் மருந்துக் கடைக்குப் போன கொஞ்ச நேரத்துக்குள்! மாமி அடுப்பைத் திறந்துவிட்டு, பற்றவைக்காமல், பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார். "சத்தம் போடாதை, தண்ணி கொதிக்குது."
அடுப்பை மூடிவிட்டு யன்னல்களைத் திறந்துவிட்டேன்.

மார்ச் 15
"ஒரு இடம் பாப்பமோ?" என்று இவர்தான் கேட்டார். நான் வேலையை விட்டுவிட்டு வீட்டில் நிற்கிறேன் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மார்ச் 23
முதலில் பார்த்த முதியோர் இல்லத்தில் எல்லோரையும் டீவிக்கு முன்னால் வரிசையாக இருத்தியிருந்தார்கள். தமிழ் தெரிந்தவர் ஒருவருமில்லை. வேண்டாம்.
தெல்தெனியப் பக்கம் இன்னொன்று. சின்ன இடம். பராமரிக்கும் சுப்பம்மா பன்விலத் தோட்டத்துத் தமிழ் ஆள். "சொன்னதையே நூறு தடவ கேட்டாலும் பதில் சொல்லுவோம்மா, பயப்படாதீங்க" என்றார்.

மார்ச் 30
என்னைக் கண்டாலே முகம் சுளித்தவர் இப்போதுதான் என்னில் அன்பாயிருக்கிறார். இல்லை, என்னில் இல்லை — புனிதத்தில். அப்படியென்றால் நான் எதை விட்டுவிடப் பயப்படுகிறேன்? பழைய கோவத்திலயோ அவவை அனுப்பப் பாக்கிறன்? ஐயோ, எனக்கே விளங்கேல்லை.

ஏப்ரல் 17
கொண்டுபோய் விட்டோம். மாமி என் கையை விடவில்லை. "நீயும் இஞ்சதானே நிக்கிறாய்?"
ஓம் மாமி என்று சொல்ல வாயெடுத்து, "ஓம் அக்கா" என்றேன்.
திரும்பும்போது இவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

மே 19, ஞாயிறு
இவருக்குக் காய்ச்சல். தனியாகப் போனேன். மாமி கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். முற்றத்தில் வைத்து சுப்பம்மா அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.
மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். "இருங்கோ பிள்ளை. ஆரைப் பாக்க வந்தனீங்கள்?" பிறகு சுப்பம்மாவின் தோளைத் தட்டி, "புனிதம், இவவுக்குத் தேத்தண்ணி குடு."
சுப்பம்மா தலையைக் குனிந்துகொண்டார். "அப்படித்தாம்மா கூப்பிடுறாங்க, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."
சந்தோஷப்படத்தானே வேண்டும்? தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.
பஸ்ஸில் இருக்கும்போது இவர் ஃபோன் எடுத்தார். "அம்மா உன்னை மட்டுக்கட்டினவவோ? ஆரெண்டு தெரிஞ்சுதோ?"
"நல்லாச் சாப்பிடுறாவாம்" என்றேன்.