கிரெஸ்டன் வயலில் கிடைத்த பித்தளைத் தகடு

யூட்லாந்து, டென்மார்க்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நம் தீவில் மழை விட்டதா?

ஞாயிறன்று பண்ணைக்காரர் கிரெஸ்டனின் உருளைக்கிழங்கு வயலில் மெட்டல் டிடெக்டரோடு சுற்றினேன். வரிசையாகப் பிளவுகள் கொண்ட பித்தளைத் தகடு ஒன்று அகப்பட்டது. பழங்காலச் சீப்பு என்று நினைத்து அவரிடம் ஓடினேன்.

மண்ணைத் துடைத்தவர் ஓரத்தில் கீறியிருந்த பெயரைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"சீப்பு இல்லம்மா, மவுத் ஆர்கனோட உள்தகடு. எங்க அண்ணன் ஓவேயோடது. நான்தான் திருடிட்டேன்னு சாகுற வரைக்கும் என்கூடப் பேசல. போன மாசம்தான் புதைச்சோம். உழும்போது அவன் பையிலேர்ந்தே விழுந்திருக்கு, பாரு."

அவரைக் கல்லறைத் தோட்டத்துக்குக் காரில் கூட்டிப்போனேன். தகட்டை அண்ணனின் கல்லறைமேல் வைத்துவிட்டு வெகுநேரம் நின்றார். பிறகு அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இங்க வச்சா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான். அதுக்கும் அண்ணன் என்னைத்தான் திருடன்னு சொல்லுவான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கம்பளிக் காலுறையும் கொஞ்சம் காய்ந்த ஆட்டிறைச்சியும் அனுப்புங்கள். பொட்டலத்துக்குள் உங்கள் கையால் நாலு வரி எழுதி வையுங்கள். மாடுகள் கத்துகின்றன, கறக்கப் போகிறேன்.

உங்கள் ரான்வா