பதினான்கு மாதம்

5.6.1964

காலையிலிருந்து மழை. ஏழாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தபோது தபால் வந்தது. லண்டன் கடிதம்! இடம் கிடைத்துவிட்டது. சட்ட முதுமாணி, சர்வதேசப் பொருளாதாரச் சட்டம், உபகாரச் சம்பளத்துடன். ஒக்டோபரில் வகுப்பு. ஹட்டனில் பிள்ளைகளோடு தொண்டை கிழியக் கத்திக்கொண்டே தபாலில் சட்டப் பட்டம் முடித்தவன் நான். பீற்றிக்கொள்ளக்கூடாது. இன்றைக்கு ஒருநாள் பீற்றிக்கொள்ளலாம்.

சாயங்காலம் ரயிலேறி வட்டவளைத் தோட்டத்துக்கு வந்து வீட்டில் சொன்னேன். அது என்ன சட்டம் என்று அப்பா கேட்டார். நாட்டுக்கு நாடு சரக்கு போய்வருவதற்கான சட்டம் என்றேன். நம் தேயிலைக்கும் உண்டு. எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று முப்பதுகளில் பங்கு பிரித்தார்கள் என்றும் சொன்னேன். அப்பா கணக்கப்பிள்ளை, அந்த நாளிலேயே மலையில் நின்றவர். "அதுக்குத்தான் அப்ப கொழுந்தக் கொறைக்கச் சொன்னானுங்களா!" என்றார். முப்பது வருடச் சந்தேகம் தீர்ந்ததாம்.

19.6.1964

கொழும்பு, பாஸ்போட் கந்தோர். தோட்டத்துத் தமிழனுக்கு இங்கே பிறந்தது மட்டும் போதாது; பிரஜாவுரிமைச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். அப்பா 1951இல் மனுப் போட்டார், வீட்டில் இருக்கும் என்றேன். கொண்டு வாருங்கள் மாஸ்டர் என்று அந்த மனிதர் சிங்களத்தில் மரியாதையாகத்தான் சொன்னார்.

21.6.1964

இல்லை.

மனு 1955இலேயே தள்ளுபடி. அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாதான் பெட்டியிலிருந்து கடுதாசியை எடுத்துத் தந்தாள். குடும்பம் 1946க்கு முந்திய ஏழு வருடம் இடைவிடாமல் இங்கே இருந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அறுந்துபோகும். மனைவி அம்மாக்கண்ணும் மகன் சிவசாமியும் பதினான்கு மாதம் இந்தியாவில் என்று கடுதாசியில் போட்டிருந்தது.

எதற்குப் போனார்கள்? எனக்கு முடி இறக்க. கைக்குழந்தையில் பிழைக்கமாட்டேன் என்று கைவிட்டார்களாம். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு, பங்குனித் திருவிழாவுக்கு முசிறிப் பக்கம் தூக்கிப் போயிருக்கிறாள். அந்த வருடம் பங்காளிச் சண்டையில் திருவிழா நின்றுவிட்டது. சாமிக்குச் சொன்ன முடியை வேறு நாளில் எடுக்கலாமா? அடுத்த பங்குனிவரை அங்கேயே இருந்துவிட்டாள். அப்பா மட்டும் திரும்பி வந்து மலைக்குப் போயிருக்கிறார்.

உலகத்துச் சட்டமெல்லாம் படித்தவன் சொந்த வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. மடையன்.

22.6.1964

அம்மாவிடம் கத்திவிட்டேன். "ஒரு முடிக்காக என் தலையையே அறுத்துட்டியேம்மா." ஏன் அப்படிச் சொன்னேன்? ஏன்டா சொன்ன?

5.7.1964

அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போகவில்லை என்று அப்பா சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். "நீ சொன்னதுல என்னப்பா தப்பு" என்கிறாள். திட்டியிருந்தால் தேவலை.

13.7.1964

கண்டி, இந்திய அலுவலகம். குமாஸ்தா தஞ்சாவூர்க்காரர், நல்ல மனுஷன். இந்தியப் பிரஜையாகப் பதிந்துகொண்டால் பாஸ்போட் கிடைக்கும், வகுப்புக்குள் வாங்கிவிடலாம் என்றார். படித்துவிட்டு இங்கே திரும்பி வரலாமா என்று கேட்டேன். பேனாவைக் கீழே வைத்தார். "அது சிலோன்காரங்க விசா குடுத்தாத்தான் சார். இப்பல்லாம் குடுக்கிறதில்ல."

விண்ணப்பப் பாரத்தை வாங்கி வந்தேன்.

26.7.1964

பாரம் மேசையில் கிடக்கிறது. ஒரு பக்கம்தான்.

புத்தகத்தில் சரக்குகளின் பிறப்பிடச் சான்று பற்றி ஓர் அத்தியாயம். அப்பா நிறுத்து அனுப்புகிற இலை எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் எங்கே விளைந்தது என்று யாரும் தகராறு செய்வதில்லை. இதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவனுக்கு முசிறிக்காரன் என்று எழுதிக்கொண்டால்தான் கப்பல்.

எழுதினால் என்ன? கையெழுத்துத்தானே? ஆனால் அம்மாவுக்கு ஒன்று என்றால் வர முடியாது. நான் பிறந்த இடத்துக்கு வெளிநாட்டுக்காரனாக வந்து, கேட்டில் நிற்க வேண்டும். அதுவும் விட்டால். லண்டன் வேண்டும் — வேண்டாம் என்று பொய் சொல்லப் போவதில்லை, இந்த டயரியிலாவது.

14.8.1964

அம்மா இன்று தானாகப் பேசினாள்.

"அந்த இந்தியாக் கடுதாசியில கையெழுத்துப் போட்டுட்டுப் போ சாமி. நான் செஞ்ச வெனைக்கு நீ ஏன் இங்க கெடந்து காயணும். நான் கண்ண மூடுனாலும் நீ வரவேணாம்."

அவள் கையில் தண்ணீர்ச் செம்பு. அதை வாங்கிக் குடித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

2.9.1964

லண்டனுக்கு எழுதிவிட்டேன். வர இயலவில்லை, சொந்தக் காரணம், நன்றி. நாலு வரி. ஹட்டன் தபாற்கந்தோரில் போட்டுவிட்டு, திரும்பி எடுக்க முடியுமா என்று பெட்டியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கக்கேடு.

5.9.1964

வீட்டில் சொன்னேன். லண்டனில் இடம் நிறைந்துவிட்டதாம், வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். பாஸ்போட் இருந்திருந்தாலும் இதே கதிதான் என்றேன்.

அப்பா என் முகத்தையே பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா இரண்டு தடவை கேட்டாள். "அப்ப ஒம் முடியால இல்லையா?"

"இல்லம்மா."

"நெசமாவா?"

"நெசமா."

6.9.1964

ஞாயிறு. வெயில் அடித்தது. அம்மா காலையிலேயே ரொட்டி சுட்டு, தானும் மூன்று சாப்பிட்டாள். பிறகு தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குப் போய் அழகம்மா அத்தையிடம் வெள்ளைக்காரனைப் பிடிபிடியென்று பிடித்தாள். கூப்பிட்டுவிட்டு இடமில்லை என்கிறவன் என்ன மனுஷன், அவன் பள்ளிக்கூடம் பாழாய்ப்போக, என் பிள்ளையைப் போல ஒருத்தன் அவனுக்குக் கிடைப்பானா — லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டது. அம்மா இப்படி வாய் விட்டுத் திட்டி எத்தனை நாளாயிற்று.

என்னைக் கண்டதும் "நீயே சொல்லு சாமி, நல்லாருப்பானா அவன்?" என்றாள்.

நானும் சேர்ந்து திட்டினேன்.