ஊசுட்டேரிக் கரையில் கடைசி ஆள்

பாப்பாவுக்கு,

ஞாயிறு காலை ஊசுட்டேரியில் நீ பறவைகளைக் காட்டிய கூட்டத்தில் நானும் இருந்தேன். தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு கடைசி ஆளாக நின்றேன்.

கம்பெனி வேலையை விட்டுவிட்டு நீ இதற்கு வந்த அன்று நான் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அதனால்தான் மூன்று வருடமாக நீ வீட்டுக்கு வருவதில்லை.

தூரத்தில் வெறும் புள்ளியாகத் தெரிந்ததை ஊசிவால் வாத்து என்று பார்த்ததுமே சொன்னாய். எனக்குப் பெருமையாக இருந்தது. கரையோரம் மேய்ந்த வாத்துகள் பறந்தால் படமெடுக்கலாம் என்று ஒருவர் கல்லை எடுத்தார்.

"சார், இன்னும் ரெண்டு வாரத்துல இதுங்க கிளம்பி இமயமலைய தாண்டிப் போவணும். தின்னு உடம்ப தேத்திக்கிட்டு இருக்குதுங்க. விட்டுடுங்க சார்," என்றாய்.

அவர் கல்லைக் கீழே போட்டுவிட்டார். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். உனக்கு அந்தப் பொறுமை என்னிடமிருந்து வரவில்லை.

எல்லோரையும் சார், மேடம் என்றே கூப்பிட்டாய். என் முறை வந்ததும் தொலைநோக்கியைக் கொஞ்சம் தாழ்த்தி, "உயரம் சரியா இருக்குதாப்பா?" என்று கேட்டாய்.

நன்றாகத் தெரிகிறது என்று தலையாட்டினேன். உண்மையில் கண் கலங்கி ஒன்றுமே தெரியவில்லை. வாத்துகள் கிளம்புவதற்குள் இன்னொரு தடவை காட்டுவாயா?

உன் அப்பா