அணைத்த ஜன்னல்கள்

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் ராதோஸ்தினா எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

இங்கே தூரின் நகரில், ஒளி விழாவுக்காக ஒரு பாழடைந்த குடியிருப்பின் ஜன்னல்களில் விளக்கேற்றி, ஆட்கள் வாழ்வதுபோல் செய்தேன். ஊரே நின்று பார்த்தது. அந்தக் குடியிருப்புக்கு எதிர்வீட்டு ஓர்னெல்லா அம்மாள் மட்டும் என் கையைப் பிடித்தார்.

"அந்த மூணாவது மாடி என் மகன் இருந்த வீடும்மா. வெளிச்சத்தப் பார்த்து அவனுக்கும் தட்டு வச்சிட்டேன். செத்தவன் வருவானா? அணைச்சிடு தாயே."

எல்லா ஜன்னலிலும் யாராவது இருந்திருப்பார்களே என்று முழுவதையும் அணைத்துவிட்டேன்.

"கிழவி அழுதா ஊரையே இருட்டாக்குவியா?" என்று விழாக்காரர் கத்தினார். இனி இங்கே வேலையில்லை. விளக்கைத் தொட்டாலே கை நடுங்குகிறது, குளிர்தான், கவலைப்படாதே. கம்பளிக் கையுறை அனுப்பு.

இங்கிருந்து நம் ஊருக்குப் போகும் பஸ் கிளம்புகிறது, கடிதங்களைக் கொண்டுபோகும் டிரைவர் கை நீட்டுகிறார். உன் பழைய ஸ்வெட்டரையும் அனுப்பம்மா. துவைக்காமல் அனுப்பு.

ராதா