எறும்புக்கு ஆள் அனுப்பிய மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

நீயும் மருமகளும் பேத்தியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே உன் அம்மா நலம். நான் கோபமாக இருக்கிறேன். நாங்களும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும் என மாலை வகுப்பு டீச்சர் சொல்லிக் கொடுத்தார், ஆனால் பொய் எழுதுவதற்கா இந்த வயதில் எழுத்துப் படித்தேன். இது நானே என் கையால் எழுதுவது. இதுவரை உனக்கு வந்ததெல்லாம் நான் சொல்லச் சொல்லக் கீழ் வீட்டு எலக்ட்ரீஷியன் எழுதியது. 'அவனுக்கு அறிவு இருக்கான்னு கேளுப்பா' என்று நான் சொன்னால் 'உன் வேலைப்பளு குறைந்ததா' என்று எழுதிவிடுவார். இனி அது நடக்காது. ஒரு வரி முடிக்க எனக்கு வெகுநேரம் ஆகிறது, ஆனாலும் திட்டுவதை எழுதிப் பார்ப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. போனில் என்றால் 'மீட்டிங்ப்பா' என்று பாதியில் வைத்துவிடுகிறாய். இதைக் கடைசி வரி வரை படி.

உன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து கட்டிலோடு இருக்கிறாள். போன மாதம் வீடியோவில் அவளோடு பேசிக்கொண்டிருந்தபோது தலையணையில் எறும்பு ஊர்வதைப் பார்த்துவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா. மறுநாள் காலையில் முதுகில் டப்பாவும் கையில் குழாயுமாக ஒருவர் வாசலில் நிற்கிறார், எறும்பு மருந்து அடிக்க மகன் அனுப்பினார் என்கிறார். மகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கதவைத் திறந்த என்னைத்தான் சொல்ல வேண்டும். அவர் தன் மூக்குக்கு முகமூடி போட்டிருந்தார், உன் அம்மாவின் மூக்குக்கு யார் போட்டார்கள். அவளுக்கு இழுப்பு உண்டு என்பது அவள் பெற்ற பிள்ளைக்கே நினைவில்லாதபோது அந்த ஆளை நொந்து என்ன செய்வது. கட்டிலுக்குக் கீழே அவர் அடித்த கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மூச்சுத் திணறி உதடு நீலம் பாரித்துவிட்டது. ஜன்னலையெல்லாம் திறந்து, எலக்ட்ரீஷியனும் நானும் கட்டிலோடு அவளைக் கூடத்துக்குத் தூக்கி வந்தோம். அந்த மனிதர் 'சார், இன்னும் சமையலறை பாக்கி இருக்கு' என்கிறார். 'என் பொண்டாட்டி மூச்சு பாக்கி இருக்கு, நீ கெளம்பு' என்றேன். இவ்வளவுக்கும் பிறகு ஒரு வாரத்தில் எறும்பு திரும்பி வந்துவிட்டது. மருந்து எறும்புக்கு ஒத்துக்கொண்டது, உன் அம்மாவுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

சரி, ஏதோ அவசரத்தில் செய்துவிட்டான் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு நீ போனில் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பராமரிப்பு இல்லத்தில் அம்மாவுக்கு இடம் பேசிவிட்டாயாம், அடுத்த மாதம் வந்து கூட்டிப் போவாயாம், 'ஒரு எறும்பைக்கூட உங்களால விரட்ட முடியலியேப்பா, அம்மாவை எப்படிப் பாத்துப்பீங்க' என்றாயாம். என்றாயாம் என்ன, என்றாய், என் காதாலேயே கேட்டேன். இத்தனை வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவர்களைப் பிரிக்க உனக்கு ஓர் எறும்பு போதுமாக இருக்கிறது. அவளுக்கு முதுகு துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, தலை வாரி விடுவது எல்லாம் இந்த வீடியோவில் தெரியாது, எறும்பு மட்டும் நன்றாகத் தெரிகிறது.

அன்றைக்கே எறும்பா நானா என்று இறங்கிவிட்டேன். எறும்புக்குக் கோடு போட வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன், என் தையல் பெட்டியில் துணிக்குக் குறி போடுகிற கட்டி நிறைய இருந்தது, எடுத்துக் கட்டிலைச் சுற்றி நேர்கோடாகப் போட்டேன். கோட் தைக்கக் குறி போடும்போதுகூட அவ்வளவு நேராகப் போட்டதில்லை. எறும்புகள் அந்தக் கோட்டின் மேலேயே ஏறி வரிசையாக நடந்து வந்தன. எலக்ட்ரீஷியன் பெண்சாதி பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். 'அண்ணே, அது மெழுகு கட்டி. நீங்க எறும்புக்கு ரோடு போட்டுக் குடுத்திருக்கீங்க, பள்ளிக்கூட சாக்பீஸ் போடுங்க' என்றாள். டீச்சரிடம் கேட்டு உடைந்த சாக்பீஸ் வாங்கி வந்து தடிமனாகத் தேய்த்தேன், அந்தத் தூளுக்குக் கொஞ்சம் தயங்கின. எறும்பு முன்னால் போனதன் வாசனையை மோந்துகொண்டுதான் பின்னால் வருகிறதாம், அதனால் கொல்வதைவிட வழியை அழிப்பதுதான் முக்கியம் என்றும் அவள்தான் சொன்னாள். பாதி வினிகர் பாதி தண்ணீர் கலந்து, வந்த வழியெல்லாம் துடைத்தேன். சுவர் இடுக்கில் கிராம்பைச் செருகினேன். கட்டில் கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து, எறும்பு மிதந்து கரையேறாமல் இருக்கக் கொஞ்சம் சோப்பும் கரைத்தேன். தண்ணீரைத் தினமும் மாற்றுகிறேன், இல்லாவிட்டால் எறும்பு போய்க் கொசு வரும். அப்படியும் கட்டிலில் எறும்பு. குனிந்து பார்த்தால் விரிப்பின் ஓரம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அதைப் பிடித்து ஏறி வருகின்றன. ஆயுள் முழுக்க ஊரார் பேண்ட்டுக்கு உயரம் குறைத்தவனுக்குத் தன் வீட்டு விரிப்பு நீளம் என்பது தெரியவில்லை. மிஷினுக்கு எண்ணெய் போட்டு எல்லா விரிப்பையும் மடித்து அடித்துவிட்டேன். உன் அம்மா படுத்தபடியே தையல் கோணல் என்று குறை சொன்னாள்.

கட்டில் சுத்தமாயிற்று, ஆனால் அதன் பக்கத்து ஜன்னல் திட்டில் மட்டும் கூட்டம் குறையவில்லை. எல்லாம் அங்கிருக்கும் பூந்தொட்டிக்குத்தான் போகின்றன. மண்ணைத் தொட்டேன், பிசுபிசுவென்று ஒட்டியது. மோந்து பார்த்தேன். நீ மாதாமாதம் பார்சலில் அனுப்புகிறாயே, அந்தச் சிவப்பு டானிக். உன் அம்மா பக்கம் திரும்பினால் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். 'குடிச்சா குமட்டுது. வேணாம்னு சொன்னா புள்ள வருத்தப்படுவான். தொட்டிதான் கைக்கு எட்டுச்சு' என்றாள். நீ தினமும் 'டானிக் குடிச்சியாம்மா' என்று கேட்கிறாய், அவளும் தினமும் 'ஆச்சுப்பா' என்கிறாள். உன் மனம் நோகக் கூடாது என்று அவள் ஊற்றினாள், அதைத் தின்ன எறும்பு வந்தது, அதைக் கொல்ல நீ ஆள் அனுப்பினாய், கடைசியில் அதே எறும்பைக் காட்டி அவளையே வீட்டை விட்டுக் கிளப்பப் பார்க்கிறாய். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறேன், பார்சல் கட்டி அனுப்பி வைத்துக்கொள்வதை இப்போதுதான் பார்க்கிறேன். தொட்டியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் வைத்து, திட்டை வினிகர் போட்டுத் துடைத்தேன். எறும்புகளும் தொட்டியோடு மாடிக்கே குடிபோய்விட்டன. இப்போது இந்த அறையில் ஒன்றும் இல்லை.

அந்த இல்லத்தைப் பற்றி நீ உன் அம்மாவிடம் கேட்கவில்லை, நான் கேட்டேன். நல்ல மெத்தை இருக்கும், நர்ஸ் இருப்பார்கள், எறும்பே வராது என்று நல்லதை மட்டும்தான் சொன்னேன். 'எறும்பு வராது, சரி. நான் திட்டுறதுக்கு நீங்க வருவீங்களா' என்று கேட்டாள். உனக்குப் பதில் தெரிந்தால் எழுது.

நாளைக்கே அவர்களுக்குப் போன் போட்டு இடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. என்மேல் நம்பிக்கை வராவிட்டால், கூட்டிப் போக வருகிறேன் என்ற அதே நாளில் வா, வண்டி பேசாமல் வா. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் பாய் போட்டு ஓர் இரவு படு. ஓர் எறும்பு கடித்தாலும் காலையில் அவள் துணிகளை நானே மடித்து எடுத்து வைக்கிறேன்.

பேத்தி சோபாவில் உட்கார்ந்து சாக்லேட் தின்கிறாளாம், மருமகளிடம் வினிகர் வைத்துக்கொள்ளச் சொல். உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு, கோபத்துக்காக அதில் ஒன்றும் குறைக்கவில்லை. டானிக் அனுப்பாதே. உன் அம்மா கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள், டானிக் கதையை எழுதியதற்கு என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவள் கூப்பிட்டால் கேட்கிற தூரத்திலேயே இருக்கும்,
உன் அப்பா