எடுக்கச் சொன்ன பெயர்

அருப்புக்கோட்டை,
ஞாயிறு, மதியம்.

அன்புள்ள தங்கமாரிக்கு,

உன் பெயரை எடுத்துவிட்டோம். நீ கேட்டபடியே, ஒரு இடம் விடாமல். இப்போது பிரச்சினையே அதுதான்.

இதோடு நம் ‘சீமைக்கருவை’யின் புதிய இதழ் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தைப் பார். ஆசிரியர் குழு: அமுதவள்ளி, காளிராஜ். இரண்டு பேரைக் குழு என்று சொல்லலாமா தெரியவில்லை. அப்படியே நடுப்பக்கத்துக்குப் போ. சுந்தரபாண்டி அண்ணன் கதை. ஆமாம், நீ கல்லூரிக்கு வந்துபோன திருச்சுழி பஸ் கண்டக்டரேதான். படித்துவிட்டு வா. இங்கேயே இருக்கிறேன்.

படித்தாயா? ஆட்டுக்குட்டியோடு பஸ் ஏறும் பெண்ணுக்குப் பெயரே இல்லை. கண்டக்டர் அவளைக் கூப்பிடுகிறார். மேற்கோள் குறிகளுக்குள் ஒன்றுமில்லை. அவள் திரும்பிப் பார்க்கிறாள். குட்டி மட்டும் கத்துகிறது.

அண்ணன் எழுதித் தந்தது அப்படியில்லை. அதில் அவள் பெயர் தங்கமாரி.

காளிராஜ் செய்த வேலை. உன் பெயர் முதல் பக்கத்தில், சந்தா முகவரியில், பின்னட்டையில் என்று எங்கெங்கோ கிடந்தது. தேடித் தேடி எடுக்க அவனுக்குச் சோம்பல். கணினியில் ‘தங்கமாரி’ என்று கொடுத்து இதழ் முழுவதிலும் ஒரே தட்டில் நீக்கிவிட்டான். நீ போனாய். கதையில் இருந்தவளும் கூடவே போய்விட்டாள். அவள் பெயரில் ஒட்டியிருந்த ‘யின்’, ‘யை’, ‘க்கு’ எல்லாம் அங்கங்கே தனியாக நின்றிருக்கின்றன. தட்டச்சுக் குப்பை என்று நினைத்து அவற்றையும் பொறுக்கிச் சுத்தம் செய்திருக்கிறான். மெனக்கெட்டு. அவன் வாழ்க்கையில் இத்தனை சுத்தமாக வேறெதையும் செய்ததில்லை.

அந்தக் கதைக்கு மெய்ப்பு பார்த்தது நான். அவனை மட்டும் திட்ட முடியாது.

முன்பு எப்படிப் பார்ப்போம்? காளிராஜின் தட்டச்சுக் கடையின் பின்னறை. சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி. நீ தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் படிப்பாய். காற்புள்ளி, முற்றுப்புள்ளி, பத்தி, எல்லாம் சொல்லி. நாங்கள் இருவரும் மூலத்தை வைத்துக்கொண்டு சரிபார்ப்போம். நீ போன பிறகு கத்த ஆள் இல்லை. ஆளுக்கொரு தாளை எடுத்துக்கொண்டு மௌனமாகப் படிக்கிறோம். கண் வழுக்கிக்கொண்டு போகிறது. பெயரில்லாத ஒருத்தி கதை முழுக்க நடந்திருக்கிறாள். எனக்கு அது நல்ல நடையாகக்கூடப் பட்டது. நான் வாசித்த புத்தகங்கள் அப்படி.

பக்கத்துத் தறிக்காரர் போன வாரம் வெளியே நிறுத்திக் கேட்டார். “அந்தப் பிள்ள இப்ப படிக்கிறதில்லையா? அந்தக் கெணத்துக் கதையில அந்தாளு ஏறி வந்தானா இல்லையான்னே தெரியலையே!” உன் நாவல் பகுதி. நீ வடக்கே புஜ்ஜுக்கு, வங்கி வேலைக்குக் கிளம்பிய வாரம் பாதியில் நின்றது. ஒருவர் அதைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தெரியாது என்றேன். எனக்கும் தெரியாதுதானே.

இதழ் வந்ததும் உன் அம்மாவுக்கான பிரதியோடு திருச்சுழி பஸ் ஏறினேன். அண்ணன் பஸ். வேறு பஸ்ஸில் போயிருக்கலாம். பஸ் ஊர் எல்லையைத் தாண்டியது. டிக்கெட் தரும்போதுதான் ஆரம்பித்தார்.

“ஏந்தாயி, எம் பொம்பள எங்க?”

பஸ் திரும்பிப் பார்த்தது.

“கத்திரிக்கா வாங்கப் போனவளா, காணாமப் போறதுக்கு? நல்ல பேரா வச்சு, நல்லா வளத்துவிட்ட பொம்பளத்தா!”

பின் சீட்டில் இருந்த ஒருவர் எழுந்தே விட்டார். “என்னண்ணே, போலீசுல சொன்னியளா?” இன்னொரு அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான்தான் கடத்தியவள். அது கதையில் வரும் பெண் என்று அண்ணன் விளக்க, “கதைக்கா இம்புட்டுச் சத்தம்?” என்று அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் இறங்கும் வரை காலைப் பார்த்தபடி இருந்தேன்.

உன் வீட்டில்தான் சிரிப்பு நின்றது.

உனக்குத் தெரியுமா? அம்மா ஒவ்வொரு இதழையும் நூறு நாள் வேலைக்கு எடுத்துக்கொண்டு போகிறார். எழுத்துக்கூட்டக்கூட வராது. ஆனால் முதல் பக்கத்துப் பெயர்களில் மூன்றாவது வரி நீ என்று அவருக்குத் தெரியும். அங்கே விரலை வைத்துக் காட்டுவாராம். இந்த முறை நான் பையிலிருந்து எடுத்தவுடன் வாங்கி, விரலை வைத்தார். வெள்ளைத் தாள். தாளைத் திருப்பினார். மறுபடி வைத்தார்.

“ஏத்தா, எம் பிள்ளைய வேலையவிட்டு நிப்பாட்டிட்டீகளா?”

தாளை என் பக்கம் நீட்டினார்.

“சம்பளமே குடுக்குறதில்லைன்னு சொன்னாளே. அப்புறம் எதுக்கு நிப்பாட்டணும்?”

நீயே கேட்டுக்கொண்டாய் என்று சொல்ல வாய் வரவில்லை. அச்சுப் பிழை என்றேன். அடுத்த இதழில் சரியாகிவிடும் என்றேன். “கவனமாப் பாருங்கத்தா” என்று சொல்லிவிட்டுக் கூழ் ஊற்றினார். கூடவே வெங்காயம். என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே. அம்மா நன்றாக இருக்கிறார். முழங்கால் வலி மட்டும்தான். அதை உன்னிடம் சொல்லக் கூடாதாம்.

இப்போது வேடிக்கையைக் கேள். மதுரையிலிருந்து நவநீதகிருஷ்ணன் என்ற பேராசிரியர் நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரற்ற பெண்ணின் வழியாக ஒரு வட்டாரமே பேசுகிறதாம். அந்த வெற்று மேற்கோள் குறிகள் தமிழ்ச் சிறுகதையில் துணிச்சலான முயற்சியாம். காளிராஜ் அதைப் படச்சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறான். அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். டெப்போவில் நின்றபடியே படித்தார். விசிலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

“நானும் உள்ளுக்குள்ள அப்பிடித்தான் நெனச்சேன் தாயி. அடுத்த கதையில டிரைவருக்கும் பேரு வேண்டாம்.”

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு, பஸ் கிளம்பும்போது படிக்கட்டிலிருந்து சொன்னார். “டிக்கட்டு கொடுக்கும்போது நான் சொல்ற கதையெல்லாம் கேட்டுட்டு, ‘அண்ணே, இதை எழுதுங்க’ன்னு அந்தப் பிள்ளைதான் சொல்லுச்சு. அதான் அந்தப் பேரு.”

ஒரு வருடமாக ஒரு வரி எழுதவில்லை, ஒரு வேலை செய்யவில்லை, பெயர் மட்டும் எதற்கு என்று கேட்டிருந்தாய். வங்கிக்குப் போய், கணக்கு முடித்து, அறைக்கு வந்து விழுவதே சரியாக இருக்கிறது என்று. நம்புகிறேன். எழுது என்று உன்னைக் கேட்கவில்லை. கிணற்றுக்குள் இருப்பவன் இருக்கட்டும். அவனுக்கு அவசரமில்லை. தறிக்காரருக்குத்தான்.

ஆனால் வேலை செய்யவில்லை என்கிறாயே, அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உனக்கு விடுமுறைதானே. தாள்களை அனுப்புகிறோம். போனில் நீ படி. காற்புள்ளி, முற்றுப்புள்ளி சொல்லி. நாங்கள் போனை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டிக்கொண்டு சரிபார்க்கிறோம். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம்.

புஜ்ஜுக்குப் போன முதல் வாரம் நீ அனுப்பிய படம் இன்னும் என் போனில் இருக்கிறது. சாலையோரம் முள்மரம். ‘இங்கேயும் நம்ம சீமைக்கருவைதான்டி, வெட்ட வெட்ட வருது’ என்று கீழே எழுதியிருந்தாய். யாரும் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள்.

வேளைக்குச் சாப்பிடு. அந்த ஊர் வெயில் நமக்குப் புதிதில்லை, இருந்தாலும் தொப்பி போட்டுக்கொள். நன்றாக இரு. போனில் ‘சரி’ என்று ஒரு வார்த்தை அனுப்பு. இரண்டு நீலக் கோடுகளை நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உன்,
அமுதவள்ளி

(உறையின் பின்பக்கம்)

ஒட்டுவதற்கு முன்னால் காளிராஜ் கடைக்குப் போனேன். அடுத்த இதழின் முதல் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். மூன்றாவது வரியை நானே தட்டச்சு செய்தேன். இதோ, தபால் பெட்டிக்கு நடக்கிறேன்.